மாதச் சந்தாவா, முழுப் பெட்டியா, சொந்த ஓடா? ஓடும் ரோபோவை சுங்கை சிப்புட்டில் கட்டுவது பற்றி

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஆர்டூ டிடூ ரோபோவின் பாதி அளவு உருவத்தை டி அகோஸ்டினி பதிப்பகம் 100 இதழ்களாகப் பிரித்து விற்றது. ஒவ்வோர் இதழோடும் ஒரு கை பாகங்கள், கொஞ்சம் ஸ்குரூ, இரண்டு பக்கம் செய்முறை. எல்லாம் சேர்ந்தால் அரை மீட்டரை ஒட்டிய உயரத்தில், தலையைத் திருப்பி, சக்கரத்தில் ஓடி, கீச்சுக் குரல் கொடுக்கும் ஓர் இயந்திரம். அதே பதிப்பகம் 2013இல் ஜப்பானில் தொடங்கிய ரோபி இன்னொரு வகை: 70 இதழ், 34 செ.மீ. உயரம், சொன்ன கோணத்தில் போய் நிற்கும் செர்வோ மோட்டார் 20. வடிவமைத்தவர் தக்கஹாஷி தொமோதக்கா. இவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து வாங்க நினைப்பவருக்கு முன்னால் மூன்று வழி உண்டு. நாலாவதாக ஆயத்தப் பொம்மை இருக்கிறது. அதைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

மூன்றையும் ஒரே கேள்வியை வைத்து அளப்பது நல்லது: நடுவழியில் ஒரு பாகம் உடைந்தால், அல்லது வராமலே போனால், அது எங்கிருந்து, எத்தனை நாளில் கிடைக்கும்? விலை, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாதச் சந்தா

முதல் இதழ் மலிவாக வரும். அது தூண்டில் புழு. உண்மை விலை இரண்டாவது அல்லது மூன்றாவது இதழில்தான் தெரியும். கணக்குப் போடும்போது முதல் இதழின் விலையை மறந்துவிடுங்கள். தபாலோடு சேர்த்து ஓர் இதழ் 50 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் 100 இதழுக்கு 5,000 வெள்ளி. மாதத்துக்கு நான்கு வீதம் அனுப்பினால் முடிய 25 மாதம். அந்த இரண்டு வருடத்தில் வீடு மாறும், வேலை மாறும், ரிங்கிட்டின் மதிப்பு மாறும்.

பதிப்பகமும் மாறும். இந்தத் துறையில் ஒரு புதுத் தொடரைச் சின்ன வட்டாரத்தில் விற்றுப் பார்த்து, போகவில்லை என்றால் சத்தமில்லாமல் நிறுத்துவது வழக்கம். சோதனை ஓட்டமில்லாத தொடருக்கும் உத்தரவாதம் இல்லை: 2022இல் பிரிட்டனின் ஈகிள்மாஸ் நிறுவனம் நொடித்துப்போய் நிர்வாகிகள் கைக்குப் போனபோது பாதி கட்டிய மாதிரிகளோடு சந்தாதாரர்கள் நின்றார்கள். ஆகவே ஒரு விதி. வேறு நாட்டில் ஏற்கெனவே கடைசி இதழ் வரை வெளிவந்து முடிந்த தொடருக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். புத்தம்புதுத் தொடரில் முதல் ஆளாக ஏறாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. அதனால் பேட்டரி உள்ள இதழ் மட்டும் தாமதமாகும், அல்லது பெட்டி வரும், பேட்டரி வராது. சந்தாவுக்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டியது: பேட்டரியின் வோல்ட் எவ்வளவு, இணைப்பி எந்த வகை, உள்ளூரில் அதே அளவு வாங்கிப் போடலாமா? பதில் வராத நிறுவனத்திடம் 5,000 வெள்ளியை நம்பிக் கொடுப்பது உங்கள் விருப்பம்.

வரியைப் பொறுத்தவரை, 500 வெள்ளிக்கு மேல் போகாத இணையவழி இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவுபெற்ற விற்பனையாளர் அதை விலையோடு சேர்த்தே வாங்கிக்கொள்வார். 500ஐத் தாண்டிய பெட்டி சுங்கத்தின் வழக்கமான வழியில் போகும். முகவரி இன்னொரு தலைவலி. லயத்து வீட்டுக்குத் தெருப் பெயர் இருக்காது. கூரியர்க்காரர் தோட்டத்து ஆபீசில் வைத்துவிட்டுப் போவார், அல்லது திருப்பி அனுப்புவார். இரண்டு வருடம் மாதாமாதம் வரப்போகும் பெட்டிக்குப் பட்டணத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முகவரியோ கடை முகவரியோ கொடுப்பதுதான் நிம்மதி. மின்னேற்றியையும் பாருங்கள். பிரிட்டன் பதிப்பு என்றால் அதே மூன்றுமுள் பிளக், அப்படியே செருகலாம். ஜப்பான் பதிப்பின் மின்னேற்றியில் 100 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நம்மூர் 240 வோல்ட்டில் செருகிய நொடியே புகைதான்.

இத்தனைக்கும் பிறகும் சந்தாதான் என்றால், கட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை உண்டு. இந்தப் பெட்டிகளில் மூளைப் பலகை (கட்டுப்பாட்டு மின்பலகை) பெரும்பாலும் பிற்பகுதியில்தான் வரும். மோட்டாரோ முன்னாலேயே வந்து, பலகை வருவதற்குள் உடம்புக்குள் பூட்டப்பட்டிருக்கும். கடைசியில் ஓடவில்லை என்றால் எது கெட்டது என்று கண்டுபிடிக்க முக்கால்வாசியைக் கழற்ற வேண்டும். எனவே ஒவ்வொரு மோட்டாரையும் வந்த அன்றே ஓட்டிப் பாருங்கள். சாதாரண கியர் மோட்டாருக்கு மூன்று இரட்டை-ஏ பேட்டரி போதும்: இரு பக்கமும் மாறி மாறி அரை நிமிடம். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று கேட்டால் கியரில் ஒரு பல் உடைந்திருக்கிறது. செர்வோவுக்கு இருபது வெள்ளிக்குக் கீழே கிடைக்கும் செர்வோ டெஸ்டரை வாங்கி 5 வோல்ட்டில் ஓட்டி, நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே கையைப் பொருத்துங்கள். நடுநிலை என்பது 1.5 மில்லிவினாடித் துடிப்பு. அதைச் செய்யாமல் பொருத்தினால் கை ஒரு பக்கம் 30 பாகை தள்ளி நின்று, உடம்பில் முட்டி, செர்வோ முனகிக்கொண்டே சூடாகிச் சாகும்.

ஸ்குரூதான் அதிகம் பேர் கோட்டை விடும் இடம். பைகளில் உள்ள குறியீட்டில் பொதுவாக எம் என்பது உலோகத்துக்கான நேர் மரை. பி என்பது பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டே போகும் கூர் மரை. இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. பி வகையை உலோகத்தில் திருகினால் தலை முறியும். எம் வகை பிளாஸ்டிக்கில் பிடிக்காது, சும்மா சுற்றும். பி ஸ்குரூவின் நுனியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, பாதி வரை ஏற்றி, கால் சுற்றுப் பின்வாங்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு பிடி' என்று நினைத்த நொடியில் ஸ்குரூக் குழல் பிளந்துவிடும். பிளந்த குழலுக்குச் சூப்பர் குளூ ஊற்றாதீர்கள். அதன் ஆவி பக்கத்தில் உள்ள பளபளப்பான பாகத்திலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படலமாகப் படியும். பாகம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால், சட்டத்திலிருந்து வெட்டிய மிச்சத் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி அதைப் பூசுங்கள்; மறுநாள் 1 மி.மீ. ஆணித்துளை போட்டு மறுபடி திருகலாம். மிச்சத் துண்டுகளை எறிய வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

இணைப்பிகளை வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நகத்தால் வெள்ளைத் தலையைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயரிலும் இதழ் எண்ணை எழுதி ஒட்டுங்கள், ஆனால் செலோடேப்பால் அல்ல. நம் வெக்கையில் ஆறு மாதத்தில் பசை உருகி வழியும்.

ஒரே மூச்சில் முழுப் பெட்டி

முடிந்துபோன தொடர்களின் முழுத் தொகுதியைச் சிலர் மொத்தமாக விற்பார்கள். பாதியில் கைவிட்டவர்களும் விற்பார்கள், அதுவே அதிகம். சந்தாவைவிட இது எவ்வளவோ மேல் என்பதே எங்கள் முடிவு. எல்லாம் கையில் இருக்கிறது. இல்லாதது எது என்று முதல் நாளே தெரியும். பேரத்தையும் அப்போதே முடிக்கலாம்.

ஆனால் 'பிரிக்காத பெட்டி' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். பிரிக்காத பெட்டிக்குள் ரப்பர் டயர் எட்டு வருடம் கிடந்து பிசின் மாதிரி ஒட்டலாம். நுரை ஒட்டுநாடா தூளாகலாம். லித்தியம் பேட்டரி முழுக்க இறங்கிப்போய் உப்பியிருக்கலாம். உப்பியதை மின்னேற்றிப் பார்க்கவே கூடாது. அந்த மூன்றுக்கும் மாற்று வாங்கும் பணத்தை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். பாதி கட்டியது என்றால் மூளைப் பலகைக்கு மின்சாரம் கொடுத்து விளக்கு எரிவதைக் காணொளியில் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் பலகை செத்தது என்று எடுத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். பசை போட்ட தடயம், இரண்டு நிறத்தில் ஸ்குரூ, எண் ஒட்டாத வயர் இந்த மூன்றில் இரண்டு தென்பட்டால் விலகிவிடுவது மேல்.

கைப்பேசிச் செயலியோடு மட்டும் இயங்கும் ரோபோவுக்குத் தனி எச்சரிக்கை. செயலி கடையிலிருந்து எடுக்கப்பட்டால் அரை மீட்டர் பொம்மை சும்மா நிற்கும். பெட்டி வாங்குவதற்கு முன் செயலியை உங்கள் கைப்பேசியில் இறக்கிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை.

சொந்த ஓடு, உள்ளூர் மோட்டார்

ஓடு எனப்படும் வெளிக்கூட்டை முப்பரிமாண அச்சில் எடுத்து, உள்ளே கடையில் கிடைக்கும் மோட்டாரையும் பலகையையும் வைப்பது மூன்றாவது வழி. இதற்கு முன்னோடிகள் நிறைய. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவ் எவரெட் 1999இல் தொடங்கிய ஆர்டூ கட்டுநர் குழு இன்றும் இருக்கிறது. மைக்கேல் பேடலி வரைந்த அச்சுக் கோப்புகளைக் கொண்டு உலகெங்கும் முழு அளவு ரோபோக்கள் ஓடுகின்றன. கோப்புகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அச்சடித்துப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கக் கிளம்பினால் உரிமைக்காரர்களோடு வம்பு.

முழு அளவின் தலைவட்டம் சுமார் 464 மி.மீ. விட்டம். பாதியாக்கினால் 232. பழைய எண்டர் 3 வகை அச்சுப்பொறியின் எல்லை 220 மி.மீ.! பன்னிரண்டு மில்லிமீட்டரில் தலை வெளியே நிற்கிறது. ஒன்று, தலையை இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். அல்லது 45 விழுக்காட்டுக்குச் சுருக்கி 209 மி.மீ. ஆக்க வேண்டும். 256 மி.மீ. மேடையுள்ள பொறி என்றால் பாதி அளவு ஒரே துண்டாக வரும். சுருக்கும்போது மறக்கக் கூடாதது: ஓடு மட்டுமா சுருங்குகிறது? 3 மி.மீ. ஸ்குரூத் துளை 1.35 ஆகிவிடும், 3 மி.மீ. சுவர் 1.35 ஆகி விரலால் அழுத்தினாலே நெளியும். மோட்டார் இருக்கைகளையும் துளைகளையும் தனியே புதிதாக வரைய வேண்டும். இந்த வழியில் உண்மையான உழைப்பு இங்கேதான்; வரையத் தெரிந்த ஒருவர் கூட இல்லை என்றால் இதைத் தொடாதீர்கள்.

அச்சு இழைக்குப் பி.எல்.ஏ என்னும் பிளாஸ்டிக் போதும், ஆனால் 60 பாகையை ஒட்டி அது இளகும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்து ஈப்போவுக்கு எடுத்துப் போனால் கால் வளைந்துவிடும். கால்களையும் மோட்டார் இருக்கையையும் பெட்-ஜி என்னும் இன்னொரு பிளாஸ்டிக்கில் எடுங்கள். 80 வரை தாங்கும். சுருளைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் மழை பெய்தால் இழை ஈரம் குடித்து, அச்சடிக்கும்போது பொரிப்பொரியாக வெடித்து, நூலாம்படை மாதிரி இழுக்கும். பி.எல்.ஏயை 45 முதல் 50 பாகையில் ஆறு மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு பிஸ்கட் டின்னில் மூடி வைத்தால் தீர்ந்தது. சாயத்தைக் காலையில் அடியுங்கள். மதியத்துக்கு மேல் மழை இறங்கும் ஈரத்தில் பளபளப்புச் சாயம் வெள்ளை பூத்துப்போகும்.

மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் கணக்குப் போடலாம். மொத்த எடை 5 கிலோ, சக்கரம் 7 செ.மீ. விட்டம், 5 பாகைச் சரிவு ஏற வேண்டும் என்று வைப்போம். உருளும் தடையும் சரிவும் சேர்த்து ஏறக்குறைய 7 நியூட்டன் தள்ள வேண்டும். சக்கரத்தின் ஆரம் 3.5 செ.மீ. என்பதால் மொத்தம் 2.5 கிலோ-செ.மீ. திருப்புவிசை, ஒரு மோட்டாருக்கு 1.25. மோட்டார் ஓயாமல் ஓட, அது முட்டி நிற்கும்போது தரும் உச்சவிசையில் கால்வாசிக்குள் இருக்க வேண்டும். எனவே 5 கிலோ-செ.மீ. கீழ் எல்லை, கம்பளத்தையும் வாசற்படியையும் நினைத்து 10 வாங்குங்கள். வினாடிக்கு 40 செ.மீ. போக நிமிடத்துக்கு 110 சுற்று. கடையில் கேட்க வேண்டியது: 12 வோல்ட், 100 முதல் 130 சுற்று, 37 மி.மீ. கியர் மோட்டார், இரண்டு.

அதை ஓட்டும் பலகைக்கு எல்லாரும் கைநீட்டுவது சிவப்பு எல்298என். மலிவு. ஆனால் ஓர் ஆம்பியருக்கே இரண்டு வோல்ட்டுக்கு மேல் அதற்குள்ளேயே சூடாகத் தொலையும். கம்பளத்தில் ரோபோ திணறும்போது அது கொதிக்கும். பினாங்கு சிம்பாங் அம்பாட்டில் இயங்கும் சைட்ரான் நிறுவனத்தின் எம்.டி.டி.10ஏ, ஒரு வழிக்கு 10 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் இரட்டைப் பலகை. விலை சில மடங்கு, ஆனால் ஒரு தடவைதான் வாங்குவீர்கள். அவர்களுடைய மேக்கர் யூனோ பலகையை மூளையாக வைக்கலாம். பக்கத்து மாநிலத்திலிருந்து ஓரிரு நாளில் வீட்டுக்கு வரும். முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் மற்ற இரண்டு வழியிலும் இல்லை. அவசரமில்லாதவர்கள் கோலாலம்பூர் போகும்போது புடு ஜாலான் பாசாரின் மின்னணுப் பாகக் கடைகளில் ஏறி இறங்கலாம்.

பேட்டரிக்கு நம் பட்டணத்தில் கைவசம் ஒரு விடை உண்டு: ஆட்டோகேட்டுக்கு (வீட்டு வாசலின் தானியங்கிக் கதவுக்கு) போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. ஆனால் அதை உடம்பின் அடியில் வைத்தால் ஈர்ப்பு மையம் இறங்கி ரோபோ கவிழாது. கணக்கில் சொன்ன 5 கிலோவில் இதையும் சேர்த்திருக்கிறது. காலியாக மாதக்கணக்கில் விட்டால் உள்ளே உப்பு இறுகிச் செத்துவிடும் என்பதொன்றுதான் குறை. லித்தியம்தான் வேண்டும் என்றால் 18650 வகைச் செல் மூன்றைத் தொடராக, பாதுகாப்புப் பலகையோடு, 12.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாமல், 9 வோல்ட்டுக்குக் கீழே இறக்காமல். எதுவானாலும் பேட்டரியின் கூட்டல் முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

தலை சுற்ற வேண்டுமே! வயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க சுழலும்போதும் மின்தொடர்பு அறாத 22 மி.மீ. 12 வயர் ஸ்லிப் ரிங் பொருத்தலாம். ஒரு வயருக்கு 2 ஆம்பியர். தலையிலுள்ள விளக்குகளுக்குத் தனியாக ஒரு குட்டிப் பலகையை அங்கேயே வைத்து, கீழிருந்து மின்சாரமும் தகவல் வயரும் மட்டும் அனுப்பினால் ஆறு வயரில் காரியம் முடிந்துவிடும்.

குரலுக்கு டிஎஃப்பிளேயர் மினி என்னும் குட்டி ஒலிப் பலகை. 32 ஜிபிக்குள் நினைவட்டை, ஃபேட்32 வடிவம், கோப்புப் பெயர் 0001 என்று தொடங்க வேண்டும். தகவல் வாங்கும் காலில் 1 கிலோ ஓம் மின்தடை போடாவிட்டால் ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருக்கும். கட்டி முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் வேறு: 'மோட்டார் கிளம்பியதும் மூளை அணைந்து எழுகிறது, ஏன்?' செர்வோவும் மூளையும் ஒரே 5 வோல்ட்டைப் பங்கிடுவதுதான் காரணம். செர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர் மின்னழுத்த இறக்கிப் பலகை, அதன் வாயில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், எல்லாப் பலகைக்கும் ஒரே தரை வயர். பத்தில் ஒன்பது கோளாறு இதில் அடங்கும். ஃபிளைஸ்கை ஐ6 போன்ற ரிமோட்டில் சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ரோபோவைச் செங்கல் மேல் தூக்கி நிறுத்தி, ரிமோட்டை அணைத்துச் சோதித்த பிறகே தரையில் விடுங்கள்.

செலவு? அச்சுப்பொறியை விட்டுவிட்டால் இழை நான்கு கிலோ, மோட்டார், பலகைகள், ரிமோட், பேட்டரி, சாயம் எல்லாம் ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். பழகாத கைக்கு இருநூறு முந்நூறு கூடும். சந்தாவின் கால்வாசி. பதிலுக்குப் பளபளப்பு குறையும்: பெட்டி ரோபோவின் அச்சு வார்ப்புத் துல்லியத்தை மணல்தாளால் எட்ட நினைத்தால் வாரக்கணக்கில் தேய்க்க வேண்டும்.

ஆயத்தப் பொம்மைகள்

2021இல் வந்த லெகோவின் ஆர்டூ 2,314 துண்டு, 31 செ.மீ.; அழகு, ஆனால் மோட்டார் கிடையாது. ஸ்பீரோவின் செயலி ரோபோ ஓடியது. அந்நிறுவனம் டிஸ்னி உரிமப் பொம்மைகளை 2018இல் கைவிட்டது. இப்போது கிடைப்பது பழைய சரக்கு.

யாருக்கு எது

தமிழ்ப்பள்ளி ரோபோ மன்றத்துக்கு வாங்குவதாக இருந்தால் மூன்றாவது வழி தவிர வேறு பேச்சே வேண்டாம். பிள்ளைகள் உடைப்பார்கள், உடைந்த பாகத்தை அன்றிரவே அச்சடிக்கலாம். வரவேற்பறைக் கண்ணாடிப் பேழையில் நிற்க வேண்டிய, திரையில் கண்டது போன்ற உருவம் வேண்டும் என்பவருக்கு முழுப் பெட்டி. பேழைக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். எறும்பு சூடான பலகையில் குடியேறும், பல்லி எச்சம் வயரை அரிக்கும், இதை எந்தக் கையேடும் சொல்லாது. மாதாமாதம் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஸ்குரூ திருகுவதுதான் சுகம், முடிவதைப் பற்றிக் கவலையில்லை என்பவருக்கு மட்டும் சந்தா.

சொந்த ஓட்டுக்குப் போகிறவர் ஓட்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் இரண்டு மோட்டார், சக்கரம், எம்.டி.டி.10ஏ, ஆட்டோகேட் பேட்டரி, ரிமோட் ஆகியவற்றை ஒரு பிளைவுட் பலகையில் பொருத்துங்கள். ரோபோவின் மீதி எடைக்கு ஈடாக இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டி, வீட்டுக்குள் கால் மணி நேரம் ஓட்டுங்கள். மோட்டார் தொட முடியாத அளவு சுடவில்லை, வாசற்படி ஏறுகிறது என்றால் அச்சுப்பொறியை இயக்கலாம். சுட்டால் இன்னும் மெதுவான கியர் மோட்டாருக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் நஷ்டம் அறுபது வெள்ளியோடு போகும்.